ஊர் மூலிகைகளும் ஊராட்சியின் கடமையும்

நம் கிராமங்களில் மருந்துச் செடிகளைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. வேலியோரத்தில் ஆடாதோடையும் நொச்சியும் நிற்கின்றன. வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் கரிசலாங்கண்ணியும் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் படர்கின்றன. மழை பெய்த சில நாட்களில் கீழாநெல்லி தானே முளைக்கிறது. கொல்லையில் துளசியும் தூதுவளையும் கற்பூரவள்ளியும் இல்லாத வீடுகள் சிலவே. சளி, இருமல், அஜீரணம், சிறு புண், மூட்டு வலி, கால்நடைகளின் மடிநோய் முதலியவற்றுக்கு இச்செடிகளைப் பயன்படுத்தும் முறையை வீட்டு மூதாட்டியரும், ஊர் வைத்தியரும், ஆடுமாடு மேய்ப்போரும் தலைமுறை தலைமுறையாக அறிந்து வந்திருக்கின்றனர்.

இவ்வறிவைப் பற்றிப் பேசும்போது, "இன்ன நோய்க்கு இன்ன செடி" என்று சொல்லி முடித்துவிடுவதே இன்று பெரும்பாலும் வழக்கமாக உள்ளது. உண்மையில் தேர்ந்த வைத்தியர் ஒருவர் ஐந்து செய்திகளை ஒருங்கே அறிந்திருப்பார். செடி எது என்பது முதலாவது. அதன் எந்த உறுப்பு, எப்பருவத்தில் எடுக்கத்தக்கது என்பது இரண்டாவது. எவ்வாறு பக்குவம் செய்வது என்பது மூன்றாவது. எவ்வளவு, எத்தனை நாள் என்பது நான்காவது. எந்நிலையில், யாருக்குக் கொடுக்கலாகாது என்பது ஐந்தாவது. இவற்றுள் ஒன்று மறக்கப்பட்டாலும் மருந்து பயனற்றுப் போகும். சில வேளைகளில் நஞ்சாகவும் மாறும். வாய்மொழியாகவே வந்த இவ்வறிவு, அறிந்தோர் மறையும்போது அரைகுறையாகவே அடுத்த தலைமுறையை அடைகிறது. ஆதலின் அதனை முறையாக எழுதி வைப்பதும், அதற்கு ஆதாரமான செடிகளைக் காப்பதும் ஊரின் பொதுப் பணிகளாகும். அப்பணியில் ஊராட்சிகளுக்குச் சட்டப்படியான கடமையும் உண்டு.

பெயர் ஒன்று, செடி வேறு

முதற்கண் செடியைச் சரியாக அறிதல் வேண்டும். கீழாநெல்லியின் இலைக்காம்பு போன்ற சிறு கிளைகளின் அடிப்புறத்தில், சிறு நெல்லி போன்ற காய்கள் வரிசையாக அமைந்திருக்கும். பெயரே அடையாளத்தைச் சொல்கிறது. எனினும் அதே இனத்தைச் சேர்ந்த மேலாநெல்லி முதலிய செடிகள் தோற்றத்தில் அதனை ஒத்திருப்பதால், கடைச்சரக்கில் அவையும் கலந்து வருவதுண்டு. கரிசலாங்கண்ணியில் வெள்ளைப் பூப் பூப்பது ஒன்று. மஞ்சள் பூப் பூப்பது மற்றொன்று. இக்காலத்தில் அழகுக்காகத் தோட்டங்களில் படரவிடப்படும் வெளிநாட்டுக் கொடியொன்றும் மஞ்சள் பூவுடன் இருப்பதால், அதனையே மஞ்சள் கரிசாலை என்று எண்ணிப் பறிப்போர் உளர். பெயர்களும் ஊருக்கு ஊர் மாறுகின்றன. சில பகுதிகளில் நிலவேம்பையே சிறியாநங்கை என்று அழைப்பர்.

இவற்றினும் கொடியது நச்சுச் செடியை உணவாக எண்ணி ஏமாறுவதாகும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கை, வள்ளிக்கிழங்கு என்று எண்ணி உண்டு உயிரிழந்தோர் உண்டு. அதிலுள்ள கோல்சிசின் என்னும் பொருள் சிறிய அளவில் கீல்வாயு நோய்க்கு மருந்து. அளவு மிகுந்தால் உயிரைப் போக்கும் நஞ்சு. ஒடுவந்தழை, அரளி விதை, குன்றிமணி, ஊமத்தங்காய் ஆகியவையும் இவ்வகையினவே. எந்த ஊரிலும் மூலிகைப் பட்டியல் எழுதத் தொடங்குவோர், பயன் தரும் செடிகளோடு தீங்கு தரும் செடிகளையும் தனிப்பகுதியாக எழுதி வைப்பது நலம்.

உறுப்பு, பக்குவம், அளவு

நிலவேம்புக் குடிநீர் இன்று எல்லோரும் அறிந்த பெயர். 2012ஆம் ஆண்டில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அது வழங்கப்பட்டது. அது நிலவேம்பு இலையை மட்டும் கொதிக்கவைத்த நீர் என்று பலர் கருதுகின்றனர். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகிய ஒன்பது சரக்குகளும் சேர்ந்ததே அக்குடிநீர். ஒன்பதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அப்பெயரை வழங்குவது முறையன்று.

ஆடாதோடை இலையின் பயனை ஆராய்ந்ததில், அதிலுள்ள வாசிசின் என்னும் பொருளே சளியை இளக்கி வெளியேற்ற உதவுவதாக அறியப்பட்டது. அதனை அடிப்படையாகக் கொண்டே, இருமல் மருந்துகளில் இன்று சேர்க்கப்படும் புரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது. எனினும் அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது. ஆதலின் கருவுற்ற பெண்கள் ஆடாதோடைக் கஷாயத்தைத் தவிர்த்தல் வேண்டும். ஒரே செடி, ஒரே பொருள். ஒருவருக்கு நன்மை, மற்றொருவருக்குத் தீமை.

அளவோடும் முறையோடும் எழுதப்பட்ட மரபு மருத்துவம் எவ்வளவு பயன் தரும் என்பதற்குக் கால்நடை மருத்துவத்தில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உள்ளது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி, உழவர்களிடையே வழங்கிய மூலிகை முறைகளைத் திரட்டி, சரக்கின் எடையும் கொடுக்கும் முறையும் வரையறுத்தார். தேசியப் பால்வள வாரியமும் இம்முறைகளை ஏற்று மாட்டு உரிமையாளர்களிடையே பரப்பியது.

அவற்றுள் மடிநோய்க்கான முறை இது. சோற்றுக் கற்றாழை மடல் 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றைச் சேர்த்துச் சிவந்த விழுதாக அரைக்க வேண்டும். மடியிலுள்ள பாலை முற்றிலும் கறந்து, மடியைக் கழுவித் தூய்மை செய்ய வேண்டும். பின் விழுதில் ஒரு கைப்பிடி எடுத்து, 150 முதல் 200 மில்லி வரை நீரில் கரைத்து, மடி முழுவதும் பூச வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து முறை வரை, ஐந்து நாட்களுக்கு இவ்வாறு செய்தல் வேண்டும். மாட்டுக்குக் கடுங்காய்ச்சல் இருந்தாலும், தீனி எடுக்காவிட்டாலும், வீக்கம் தணியாவிட்டாலும் கால்நடை மருத்துவரை அழைக்கத் தாமதிக்கலாகாது. செடி, உறுப்பு, பக்குவம், அளவு, எல்லை ஆகிய ஐந்தும் இக்குறிப்பில் அடங்கியிருத்தல் காண்க. ஊரில் எழுதப்படும் ஒவ்வொரு மூலிகைக் குறிப்பும் இவ்வாறே அமைய வேண்டும்.

எல்லை அறிந்து நிற்றல்

மரபு மருத்துவத்தைப் போற்றுவோர் அதன் எல்லையையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். இவ்விடத்தில் தயக்கம் காட்டினால் உயிர்கள் போகும்.

பாம்புக் கடிக்குப் பச்சிலை மருந்தாகாது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக் கடியால் சுமார் 12 இலட்சம் மக்கள் இறந்தனர் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிராமத்தினர். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் நஞ்சுமுறி மருந்து அரசு மருத்துவமனைகளில் உண்டு. கடிவாயைக் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கே. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108 ஊர்தியிலோ கிடைத்த வண்டியிலோ உடனே மருத்துவமனை சேர்க்க வேண்டும். மூலிகையறிவில் தேர்ந்தவர்களான இருளர் மக்கள், 1978ஆம் ஆண்டில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் அவர்கள் எடுத்துத் தரும் நஞ்சைக் கொண்டே இந்நாட்டின் நஞ்சுமுறி மருந்தில் பெரும்பகுதி செய்யப்பட்டு வந்துள்ளது. பச்சிலை அறிந்த மக்களே ஊசி மருந்துக்குத் துணை நிற்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

பாம்புக் கடிக்கென்று சொல்லப்பட்டு வந்த ஈசுரமூலி, ஆடுதீண்டாப்பாளை ஆகியவற்றைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. இவ்வினச் செடிகளிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் விளைவிக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில், உடல் மெலிவதற்காக உட்கொண்ட மருந்தில் இவ்வினச் செடி கலந்திருந்தமையால் பலருடைய சிறுநீரகம் பழுதுற்றது. இத்தீங்கு உடனே தோன்றாமல் காலம் கடந்து வெளிப்படுவதால், பண்டைய பட்டறிவுக்கு அது எட்டாமற் போயிருக்கலாம். இச்செடிகளை உள்ளுக்குக் கொடுக்கும் வழக்கம் இருப்பின் அதனைக் கைவிடுதல் வேண்டும்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பது நெடுநாளைய வழக்கம். 1988ஆம் ஆண்டில் சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று உலகின் கவனத்தை ஈர்த்தது. ஹெபடைட்டிஸ் பி கிருமியை உடலில் தாங்கியிருந்தவர்களுள் 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுக்கப்பட்டது. அவர்களுள் 22 பேருடைய இரத்தத்தில் அக்கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்றுப் பொடி உண்ட 23 பேருள் ஒருவருக்கே அவ்வாறு ஆயிற்று. ஆனால் பிற இடங்களில் பின்னர் நடைபெற்ற ஆய்வுகளில் இத்தகைய பயன் காணப்படவில்லை. ஆகவே கீழாநெல்லியை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தவிர்ப்பது பிழையாகும். காமாலை என்பது பல நோய்களின் ஓர் அறிகுறி. கிருமியாலும் வரும், மதுவினாலும் வரும், எலிக்காய்ச்சலாலும் வரும், பித்தப்பைக் கல்லாலும் வரும். காரணம் அறியாமல் மருந்து கொடுத்தல் இருட்டில் கல்லெறிவதை ஒக்கும். ஹெபடைட்டிஸ் பி நோய்க்குத் தடுப்பூசியும் உண்டு. குழந்தைகளுக்கு அதனைத் தவறாமல் போடச் செய்ய வேண்டும்.

இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், தூதுவளை ரசத்தோடு நின்றுவிடாமல் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காய்ச்சலோடு கடும் வயிற்று வலியோ, ஓயாத வாந்தியோ, இரத்தக் கசிவோ தோன்றினால் நிலவேம்புக் குடிநீரை நம்பி வீட்டில் இருத்தலாகாது. எருக்கம்பாலைக் கண்ணருகே கொண்டுசெல்லலாகாது. சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை உண்போர், மருத்துவரிடம் சொல்லாமல் மூலிகைகளைச் சேர்த்து உண்பதும், மாத்திரையை நிறுத்துவதும் தவறு.

செடிகள் குறையும் காரணம்

அறிவு நிலைத்தாலும் செடி இல்லையெனில் பயன் என்ன? வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் களைக்கொல்லி தெளிக்கும்போது கோரையோடு கரிசலாங்கண்ணியும் பொன்னாங்கண்ணியும் கருகிவிடுகின்றன. அவ்வாறு தெளித்த இடத்தில் மீண்டும் முளைக்கும் கீரையையும் மூலிகையையும் பறிப்பது ஆபத்து. மேய்ச்சல் புறம்போக்குகளைச் சீமைக் கருவேல் அடர்ந்து மூடிவிட்டது. ஊருணிக் கரைகளும் கோயில் காடுகளும் சுருங்கி வருகின்றன.

அன்றியும் இலையைப் பறித்தால் செடி மீண்டும் தழைக்கும். வேரைத் தோண்டினால் செடியே போய்விடும். நன்னாரியும் மாகாளிக்கிழங்கும் காட்டிலிருந்து வேரோடு பெயர்த்தெடுக்கப்படுபவை. இத்தகையவற்றை விதை உதிர்ந்த பின்னரே எடுத்தல், ஒவ்வோரிடத்திலும் ஒரு பகுதிச் செடிகளைத் தொடாமல் விடுதல், ஆண்டுதோறும் இடத்தை மாற்றுதல் ஆகிய மூன்று நெறிகளையும் சேகரிப்போர் கைக்கொண்டால் இனம் அழியாது.

மருந்துச் செடிகளைப் பயிராகவே வளர்ப்பதும் நம் மாநிலத்தில் புதிதன்று. நிலாவாரை உலக வணிகத்தில் 'திருநெல்வேலிச் சென்னா' என்றே பெயர் பெற்றது. தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் அது விளைகிறது. மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் கண்வலிக்கிழங்கு என்னும் செங்காந்தளை விதைக்காகப் பந்தலிட்டு வளர்க்கின்றனர். நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகிறது. அது கடும் மருந்தாதலின் அவ்விலையை வீட்டில் மென்று உண்பது கூடாது. இப்பயிர்களில் இறங்க எண்ணும் உழவர் முதலில் வாங்குவோர் யார், எவ்விலைக்கு, எந்தத் தரத்தில் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். வாங்குவோர் சிலரே உள்ள சந்தையில் விலை ஏறவும் திடீரென வீழவும் கூடும். சிறு பரப்பில் தொடங்கி, பழகிய பின் விரிப்பதே விவேகம்.

எழுதப்பட்டதே நிற்கும்

ஊரில் எல்லோரும் அறிந்ததை எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். அதற்கு மஞ்சளின் வரலாறே விடை. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் அதனை எதிர்த்து வழக்காடியது. பண்டைய நூற்குறிப்புகளும், 1953இல் வெளிவந்த மருத்துவ இதழ்க் கட்டுரை ஒன்றும் சான்றாகக் காட்டப்பட்டன. 1997இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. இவ்வாறே வேப்பெண்ணெய் கொண்டு பயிர்ப் பூஞ்சணத்தைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பாவில் 1994இல் தரப்பட்ட காப்புரிமை 2000ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. 2005இல் மேல்முறையீடும் தள்ளப்பட்டது. இவ்வனுபவங்களைக் கொண்டே 2001இல் மரபறிவு மின் நூலகம் என்னும் அமைப்பை இந்திய அரசு தொடங்கியது. சித்த மருத்துவ நூல்களிலுள்ள முறைகளும் அதில் சேர்க்கப்பட்டுள்ளன. ஆனால் நூலில் ஏறாத ஊர்முறைகளுக்கு அக்காப்பு இல்லை.

அகத்தியர் மலையின் காணி மக்கள் வரலாறும் அறியத்தக்கது. 1987ஆம் ஆண்டில் அம்மலையில் ஆய்வுக்குச் சென்ற அறிவியலார், வழிகாட்டி வந்த காணிகள் ஒரு சிறு செடியின் காயை உண்டு களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். அது ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, செய்யும் உரிமையைக் கோயம்புத்தூரைச் சேர்ந்த மருந்து நிறுவனம் ஒன்றுக்கு அளித்தது. அதற்குக் கிடைத்த பத்து இலட்சம் ரூபாயிலும், விற்பனையின் இரண்டு விழுக்காடு உரிமைத் தொகையிலும் பாதி காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவு பெற்றது. அறிவு யாருடையதோ அவர்களுக்குப் பயனிலும் பங்கு உண்டு என்னும் நெறிக்கு உலகமே இதனை எடுத்துக்காட்டாகக் கூறியது.

ஊராட்சி செய்யத்தக்கவை

2002ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, உள்ளாட்சிகளில் உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும் என்கிறது. அவ்வூரின் செடிகொடிகள், பயிர் வகைகள், கால்நடை இனங்கள், அவை பற்றிய மக்களறிவு ஆகியவற்றைத் திரட்டி, மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேடு தயாரிப்பது அக்குழுவின் தலையாய பணி. வணிகத்துக்காக ஊர் எல்லைக்குள் உயிர்வளங்களைச் சேகரிப்போரிடம் கட்டணம் பெறவும் அதே பிரிவு இடமளிக்கிறது. தாளளவில் குழு இருந்து, பதிவேடு பெட்டிக்குள் உறங்குமாயின் பயனில்லை. உறுப்பினர்கள் தம் ஊரில் பதிவேடு உள்ளதா என்று கேட்டு, இருப்பின் அதனைத் திறந்து பார்த்தல் வேண்டும். மூலிகைப் பகுதி வெறும் பெயர்ப் பட்டியலாக இருந்தால் பின்வருமாறு செம்மைப்படுத்தலாம்.

செடி ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குக. ஊர்வழக்குப் பெயர்கள் அனைத்தையும் எழுதுக. பூவும் காயும் உள்ள கிளையைச் செய்தித்தாளின் இடையே அழுத்தி உலர்த்தி ஒட்டுக, ஒளிப்படமும் எடுக்க. அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் ஆசிரியரைக் கொண்டு அறிவியற் பெயரை உறுதி செய்க. வளரும் இடம், பருவம், பயன்படும் உறுப்பு, பக்குவம், அளவு, நாள், விலக்கு ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்க. அரசுச் சித்த மருத்துவரிடமும் கால்நடை மருத்துவரிடமும் காட்டி, ஆபத்தானவை இருப்பின் சிவப்பு மையில் குறித்து வைக்க.

சொன்னவர் பெயரை அவர் இசைவுடனேயே எழுதுக. வெளியிட விரும்பாத குடும்ப முறைகளை வற்புறுத்திக் கேட்க வேண்டா. கொடுத்தால், அயலார் பார்வைக்கு வைக்காமல் காக்க. ஆடவரை மட்டும் கேட்டு எழுதிய பதிவேடு பாதிப் பதிவேடே ஆகும். பிள்ளைப்பேறு, குழந்தை நோய், உணவு மருந்து ஆகியவற்றில் பெண்களே பெரிதும் அறிந்தோர். மேய்ப்போரும் பழங்குடி மக்களும் தலித் குடியிருப்புகளில் உள்ள மூத்தோரும் விடுபடலாகாது.

இதனோடு, பள்ளி வளாகத்திலோ ஊராட்சிக்குரிய நீர் வசதியுள்ள இடத்திலோ பத்து சென்ட் அளவில் மூலிகைத் தோட்டம் அமைக்கலாம். ஒவ்வொரு செடியின் அருகிலும் பெயரும் பயனும் விலக்கும் எழுதிய பலகை இருக்கட்டும். மாணவர்கள் விடுமுறையில் தம் பாட்டிமாரிடம் கேட்டு வந்த செய்திகளை ஆசிரியர் திருத்திப் பதிவேட்டில் சேர்க்கலாம். வாய்க்கால் கரையில் ஒரு பகுதியைக் களைக்கொல்லி படாத இடமென்று கிராம சபையில் தீர்மானித்துக் காக்கலாம். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. தொடர்ந்த கவனமே தேவை.

பதிவேட்டை எழுதும் பணி பல ஆண்டுகள் ஒத்திவைக்கத்தக்கதன்று. செடி அழிந்தால் வேறோர் ஊரிலிருந்து நாற்றுக் கொண்டுவரலாம். எண்பது வயது மூதாட்டி ஒருவருடைய நினைவிலுள்ள அளவையும் விலக்கையும், அவர் மறைந்த பின் எங்கிருந்தும் கொண்டுவர இயலாது. அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே ஊரின் மூத்தோரை அழைத்து அமரச் செய்து, முதற் பக்கத்தை எழுதத் தொடங்குவீர்களாக.